லெட்சுமி என்ற பெயரை மாற்ற வேண்டாம்

போன மாதம் பிரியாவிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தவர் அவர். பழைய ஃபைல்களை எல்லாம் ஒழுங்குபடுத்துகிறார்களாம்.

"அங்கிள், இந்த லெட்சுமிங்கிற ஃபைல் எதுக்கு? எல்லா டெஸ்டுக்கும் முன்னாடி இதுதான் ஓடுது. அதுல டிஸ்க் மாட்டேன்னு எரர் குடுத்தாத்தான் மத்ததெல்லாம் ஸ்டார்ட் ஆகுது. தலைகீழா இருக்கே லா. லெட்சுமி யாரு, ஆன்டியா? பேரை மாத்திடலாமா?"

என் மனைவியின் பெயர் சரோஜா. அவளிடம் செய்தியைக் காட்டினேன். "முப்பது வருஷமா கூட இருக்கேன், என் பேரை ஒரு கம்ப்யூட்டருக்கும் வெக்கல" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். லெட்சுமி யார் என்று அவளுக்குத் தெரியும். பிரியாவுக்குத் தெரியாது. ஒரு வரியில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் செலாயாங்கில் வளர்ந்தவன். படிப்பு முடிந்ததும் பூச்சோங்கில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் பல வருடம் செத்துப்போன டிஸ்குகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், டிஸ்க் எப்படியெல்லாம் சாகும் என்று தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

நாங்கள் செய்தது வி.எம். மென்பொருள். ஒரு பெரிய நிஜக் கம்ப்யூட்டருக்குள் ஐந்தாறு பொய்க் கம்ப்யூட்டர்களைக் குடிவைப்பது. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன்னைத் தனி மிஷின் என்றே நினைத்துக்கொள்ளும். அது "இதை எழுது" என்று சொல்வதை வாங்கி, வெளியே இருக்கும் நிஜ டிஸ்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் மென்பொருளின் வேலை.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நிஜ டிஸ்குகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் உண்டு. ஒரே தடவையில் இவ்வளவுக்கு மேல் கொடுக்காதே என்று ஒவ்வொன்றும் ஒரு வரம்பைச் சொல்லும். எங்கள் மென்பொருள் அந்த வரம்பைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெரிய சுமையாக வந்தால் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்க வேண்டும். சில டிஸ்க் பெட்டிகளின் வரம்பு ரொம்ப விசித்திரமாக இருக்கும். அவை எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கி ஆபீஸில் அடுக்க முடியாது. அதனால் பொய் டிஸ்க் எழுதுவோம். அதுவும் ஒரு மென்பொருள்தான். நான் இன்ன டிஸ்க், என் வரம்பு இவ்வளவு என்று நடிக்கும். பொய்க் கம்ப்யூட்டரைப் பொய் டிஸ்கின் மேல் ஓட்டிப் பார்ப்போம். அதுதான் என் பிழைப்பு.

எனக்கு மேலே இருந்தவர் கிரேஸ் மேடம். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர், ரயில்வேக்காரர் மகள், ஞாயிறு தவறாமல் மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் போகிறவர். கத்த மாட்டார். தப்பு கண்ணில் பட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு "அப்படியா?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து கழிவறையில் போய் நின்ற பெரிய பெரிய இன்ஜினியர்களை எனக்குத் தெரியும்.

அவர் வைத்திருந்த சோதனைச் சீட்டில் மூன்று கட்டங்கள். என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில் 'சரி' என்று எழுதக் கூடாது. "சரிங்கிறது உங்க அபிப்பிராயம். உங்க அபிப்பிராயத்தை நான் கேக்கல. என்ன பாத்தீங்கன்னு எழுதுங்க" என்பார். சீட்டைப் பென்சிலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே படிப்பார். கடைசியில்தான் பேனா எடுப்பார். அவர் பேனா எடுத்தால் சாமான் வெளியே போகலாம் என்று அர்த்தம்.

என் பெயர் குமரேசன். ஆபீஸில் என்னை டெகில் என்று கூப்பிடுவார்கள். சொன்ன பேச்சு கேட்காதவனுக்கு மலாயில் அப்படிச் சொல்வது. கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு எங்கள் மென்பொருள் போகிறது என்றதும், அங்கே இருந்த டிஸ்க் பெட்டியின் விவரங்களை வாங்கிப் பார்த்தேன். ஒரே தடவையில் 120 கிலோபைட்டுக்கு மேல் வாங்காத பெட்டி. மற்றவை அதைப்போல் பல மடங்கு வாங்கும். இந்த 120 எதிலும் சேராத ரெண்டுங்கெட்டான் கணக்கு. அதே மாதிரி நடிக்கும் ஒரு பொய் டிஸ்கை ஒரே நாளில் எழுதி, அதற்கு டெகில் என்று என் பட்டப்பெயரையே வைத்தேன். பெருமைதான், வேறென்ன. வி.எம்.மை அதன்மேல் இரண்டு நாள் விடாமல் ஓட்டினேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

அந்த வாரம் வேலை தலைக்கு மேல் இருந்தது. மூன்றாவது கட்டத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிரேஸ் மேடம் அந்தச் சொல்லுக்கு வந்ததும் பென்சிலை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"டெகில் மேல ஓட்டுனீங்களா?"

"ரெண்டு நாள் மேடம்."

பேனாவை எடுத்தார். டிஸ்க் விஷயத்தில் அவர் என்னை நம்பினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை கிள்ளானில் நடந்ததை, பிறகு எனக்குத் தெரியவந்தபடி சொல்கிறேன். டயாலிசிஸ் நோயாளி ஒவ்வொருவருக்கும் 'டிரை வெயிட்' என்று ஒரு எண் உண்டு. உடம்பில் தேங்கிய நீரை எடுத்தபின் ஆள் எத்தனை கிலோ நிற்க வேண்டும் என்ற கணக்கு. அன்று காலை முனியாண்டி என்ற நோயாளியை டாக்டர் பார்த்தார். ஓய்வு பெற்ற லோரி டிரைவர். கொஞ்சம் சதை போட்டிருந்தார். அதனால் டாக்டர் அவருடைய எண்ணை 58லிருந்து 60 ஆக்கச் சொன்னார். நர்ஸ் லெட்சுமி அதைக் கம்ப்யூட்டரில் பதிந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாத் திரைகளும் உறைந்து நின்றன. கிளார்க் சர்வரை அணைத்துப் போட்டார். திரைகள் திரும்பி வந்தன. வேறொரு நர்ஸ் திரையைப் பார்த்து முனியாண்டியின் மிஷினைச் செட் பண்ணினார். திரையில் இருந்தது 58.

இரண்டு லிட்டர் நீர் கூடுதலாக இறங்கிக்கொண்டிருந்தது. முடியும் தறுவாயில் அவருக்கு இரண்டு காலும் இழுத்துக்கொண்டு பிரஷர் சரசரவென்று கீழே போய்விட்டது. லெட்சுமிதான் ஓடிவந்து மிஷினை நிறுத்தி சலைன் ஏற்றினார். உயிர் தங்கியது.

எண்ணைப் பதிய மறந்தது யார் என்று மையத்தில் கேள்வி வந்தது. லெட்சுமி என்று பதிலும் உடனே வந்தது. அவர் ஒப்பந்தத்தில் இருந்த நர்ஸ். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதில் குற்றம் உறுதியானால் வேலை போகும், அந்தப் பேச்சோடு வேறு எந்த மையத்திலும் படியேற முடியாது.

நாங்கள் புதன்கிழமை அங்கே போனோம். நானும் கிரேஸ் மேடமும். மேனேஜர் எங்களை மரியாதையாகத்தான் வரவேற்றார். மேசைமேல் ஒரு தாள் இருந்தது. என் சோதனைச் சீட்டின் நகல். எங்கள் டைரக்டர் செவ்வாய்க்கிழமை மாலையே அனுப்பிவிட்டிருந்தார்.

"உங்க சிஸ்டம் மேல எங்களுக்குச் சந்தேகமே இல்ல" என்றார் மேனேஜர். "இதே டிஸ்க், இதே லிமிட், ரெண்டு நாள் ஓட்டிச் சரின்னு போட்டிருக்கீங்க. ரெண்டு பேர் சைன் பண்ணிருக்கீங்க. சிஸ்டம் எழுதலன்னு அந்தப் பொண்ணு சொல்றத எப்படி நம்புறது?"

அந்தச் சீட்டை நான் அதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை. என் கையெழுத்து ஒரு பெண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

லெட்சுமி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, நான் போட்டேன். ஆறு, சைபர். என்டர் தட்டுனேன். ஸ்கிரீன்ல அறுபதுன்னு வந்துச்சு, என் கண்ணால பாத்தேன். எத்தன தடவ கேட்டாலும் இதுதான்."

"எத்தன மணிக்கு மா?"

"ஷிப்ட் மாறுற நேரம். எல்லாரும் வெயிட் போட்டுக்கிட்டு இருந்தாங்க. எல்லா ஸ்கிரீன்லயும் ஆள் இருந்துச்சு."

சர்வரின் பதிவுகளைத் தேடினேன். அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு வரிகூட இல்லை. பதிவு எழுதப்படுவதும் அதே டிஸ்க் பெட்டியில்தான். அணைத்துப் போட்டால் அப்படித்தான் ஆகும் என்றார் மேனேஜர். பெட்டி கொடுத்தவர்கள் தங்கள் பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். நோயாளிகள் படுத்திருக்கும்போது அந்தப் பெட்டியை நிறுத்திச் சோதிக்கவும் வழியில்லை.

வெளியே வரும்போது டாக்டரைப் பார்க்க வந்திருந்த முனியாண்டி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். முகம் இன்னும் வெளுத்திருந்தது. எங்கள் கழுத்து அட்டையைப் பார்த்து, "கம்ப்யூட்டர் பாஸா? நல்லா ரிப்பேர் பண்ணுங்க. அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்கு ரெண்டு கிலோ கூடுனது என் மருமவ சமையல், அதுல இந்தப் புள்ள என்னா பண்ணும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரயிலில் திரும்பும்போது மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவங்க பொய் சொல்றாங்கன்னு தோணுதா?"

"இல்ல மேடம்."

"உங்க டெகில் பொய் சொல்லுதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் எழுதுனது மேடம்" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் கவிழ்த்து வைத்தார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபீஸில் இருந்தேன். கிள்ளானில் ஓடிய அதே வி.எம்., அதே நர்ஸ் திரை, அடியில் டெகில். ஒரு நர்ஸ் பதிவது போல ஓட்டினேன். பதிந்தது. பத்து நர்ஸ் ஒரே நேரத்தில் பதிவது போல ஓட்டினேன். பதிந்தது. நடுவில் சர்வரை அணைத்துப் போட்டேன். திரும்ப வந்தபோதும் 60 அப்படியே இருந்தது. பதினொரு மணிக்குள் நாற்பது தடவைக்கு மேல் ஓட்டிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் 60. வேறு நாளாக இருந்தால் கைதட்டியிருப்பேன். அன்று ஒவ்வொரு 60ம் அந்தப் பெண்ணைப் பொய்க்காரி ஆக்கிக்கொண்டிருந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஏர்கான் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

பன்னிரண்டரைக்கு மேடம் வந்து, "எழுந்திரிங்க, சாப்பிட்டு வரலாம்" என்றார். பசியில்லை என்றேன். "நான் கேக்கல" என்றார்.

பக்கத்துத் தெருவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மத்தியானக் கூட்டம். எங்கள் மேசைக்குப் பரிமாறியவர் சோற்று வாளியோடு ஓடிக்கொண்டே இருப்பவர். இரண்டாம் தடவை வந்தார். "போதும்ணே, போதும்" என்று இலைமேல் கையைக் குறுக்கே நீட்டினேன். "ஒரு கரண்டிதான் பாஸ்" என்று என் விரல்களுக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டுப் போனார். சாம்பாரும் வந்தது. பிசைந்து சாப்பிட்டேன். மூன்றாம் தடவையும் வந்தார், போதும் என்றேன், கொட்டினார், சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கை பாட்டுக்கு வேலை செய்தது. மனசு டெகிலிடம் இருந்தது.

மேடம் தன் இலையைத் தன் பக்கமாக மடித்திருந்தார். பரிமாறுகிறவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பசியில்லன்னு சொன்னீங்க" என்றார் மேடம். "வாய் போதும்னு சொல்லுது, இலை வாங்கிக்குது. அவரும் என்னா பண்ணுவாரு?"

சாதாரணமாகத்தான் சொன்னார். பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினேன். டெகில் தன் வரம்பைச் சொல்கிறது. 120 என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறது. அதைச் சொல்லும் வரிகளை நான்தான் எழுதினேன். 121 கொடுத்தால் என்ன செய்யும்? மாட்டேன் என்று சொல்லும் வரிகளை நான் எழுதினேனா?

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடிவந்தேன். மேடம் பில்லைக் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்தார். ஃபைலைத் திறந்து பார்த்தேன். வரம்பைச் சொல்லும் பகுதி அழகாக இருந்தது. வாங்கும் பகுதியில் ஒரு தடையும் இல்லை. எவ்வளவு வந்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். விருந்தில் வளர்ந்தவன் எழுதிய டிஸ்க். என் பட்டப்பெயரை வைத்துக்கொண்டு அதைவிடச் சாதுவான டிஸ்க் அந்த ஊரிலேயே இருந்திருக்காது.

"உடனே திருத்தாதீங்க" என்றார் மேடம். "முதல்ல இப்ப இருக்கிறபடியே சோதிங்க. வி.எம். வேணாம், டிஸ்க் மட்டும். 121 குடுங்க."

கொடுத்தேன்.

"என்ன பாத்தீங்க?"

"வாங்கிக்கிச்சு மேடம்."

"எழுதுங்க."

புதுச் சீட்டில் எழுதினேன். 121 கொடுத்தேன். மறுக்கும் என்று எதிர்பார்த்தேன். வாங்கிக்கொண்டது.

பிறகு மறுக்கும் வரிகளைச் சேர்த்தேன். நாலே நாலு வரி. வரம்புக்கு மேல் வந்தால் எதையும் எழுதாதே, பிழை என்று திருப்பி அனுப்பு. மறுபடி 121 கொடுத்தேன், மறுத்தது. அதையும் எழுதச் சொன்னார். அதற்குப் பிறகுதான் வி.எம்.மை அதன்மேல் ஏற்றினேன். முனியாண்டியின் எண்ணையே போட்டேன். 58ஐ 60 ஆக்கினேன். கூடவே பத்துத் திரைகளிலிருந்து பத்து எடைகள். மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

ஒரு நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. மூன்று நிமிடம். ஐந்து. ஆறாவது நிமிடத்தில் டிஸ்க் ஒரு தடவை மறுத்தது. திரைகள் உறைந்தன. முனியாண்டியின் பெயருக்கு நேரே 60 என்று அப்படியே இருந்தது, யார் பார்த்தாலும் பதிந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். அணைத்துப் போட்டேன். திரும்ப வந்தது.

58.

"அவங்க போட்டிருக்காங்க" என்றேன். "மேடம், அந்தப் பொண்ணு போட்டிருக்கு."

அதையும் புதுச் சீட்டில் எழுதினேன். காரணம் மாலைக்குள் பிடிபட்டது. பெரிய சுமை ஒன்றாக வந்தால் எங்கள் மென்பொருள் ஒழுங்காக நறுக்கியது. ஆனால் பல சின்னச் சின்னச் சுமைகள் ஒரே நேரத்தில் வந்தால், வேகத்துக்காக அவற்றை ஒன்றாகக் கட்டிக் கொடுத்தது. கட்டியபின் மூட்டை வரம்பைத் தாண்டுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லா நர்ஸும் சேர்ந்து நோயாளிகளின் எடையைப் பதிந்தார்கள், மூட்டை பெருத்தது, நிஜப் பெட்டி மறுத்தது. என் டெகில் அதே மூட்டையை இரண்டு நாள் முனகாமல் வாங்கிப் போட்டுக்கொண்டது. நான் சரி என்று எழுதினேன்.

டைரக்டர் அறைக்குப் போனோம். அவர் கெட்டவர் இல்லை. நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்ற வேண்டியது அவர் பொறுப்பு. முழுதும் கேட்டுவிட்டு, "நல்ல வேலை. திருத்தி ரெடி பண்ணுங்க. திங்கட்கிழமை ரிப்போர்ட்டும் திருத்துனதும் ஒண்ணா அனுப்பலாம்" என்றார்.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு விசாரணை சார்" என்றார் மேடம்.

"அது அவங்க உள் விவகாரம் கிரேஸ். திருத்தாம தப்ப மட்டும் கொண்டுபோய்க் காட்டுனா மத்த கஸ்டமர் என்னா நினைப்பாங்க? திங்கட்கிழமை நானே போன் பண்ணிச் சொல்றேன்."

"திங்கட்கிழமை அவங்களுக்கு வேலை இருக்காது சார்."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். டைரக்டரின் மேசையில், அவர் தாள்களின்மேல், கவிழ்த்து வைத்தார். "அப்படியா?" என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "நாளைக்கு எனக்கு அரை நாள் லீவு வேணும். குமரேசனுக்கும்" என்றார். வெகுநேரம் கழித்து டைரக்டர் லீவு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அதை நான் இன்றைக்கும் அவர் செய்த நல்லது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாலை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் கொமுட்டர் ரயிலில் போனோம். பாதி வழியில் ரயில் நின்றுவிட்டது. சிக்னல் கோளாறு என்று அறிவித்தார்கள். பத்து இருபது. பத்து நாற்பது. மேடம் புதுச் சோதனைச் சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மடிமேல் வைத்திருந்தார். மையத்துக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவரைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அந்தச் சுவரில் இருந்த ஒவ்வொரு கறையும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பத்து ஐம்பத்தைந்துக்கு ரயில் நகர்ந்தது.

நாங்கள் அந்த அறைக் கதவைத் தட்டும்போது மணி பதினொன்றரை. உள்ளே மேனேஜர், டாக்டர், லெட்சுமி. மேனேஜர் ஒரு ஃபைலை மூடிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். மேசைமேல் இருந்த என் பழைய சீட்டைக் காட்டினேன். "இது தப்பு. இதுல சரின்னு எழுதுனது நான். நான் சரியாச் சோதிக்கல. நேத்து சோதிச்சேன். இவங்க அறுபது போட்டிருக்காங்க. எங்க சாஃப்ட்வேர்தான் தொலைச்சிருக்கு."

மேடம் புதுச் சீட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "அந்தச் சீட்டுல ரெண்டு கையெழுத்து இருக்கு சார். ரெண்டாவது என்னுது. படிச்சுப் பாத்துத்தான் போட்டேன். எழுதிக்கங்க."

டாக்டர் புதுச் சீட்டை இழுத்து வாசித்தார். மேனேஜர் நெற்றியைத் தடவிக்கொண்டார். நான் லெட்சுமியைப் பார்த்தேன். சந்தோஷப்படுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூடிய ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக் குடுத்துட்டேனே" என்றார் மெதுவாக.

"என்னா மா?"

"நான்தான் மறந்திருப்பேன்னு எழுதிக் குடுத்துட்டேன் அண்ணே. இப்பத்தான், அஞ்சு நிமிஷம் ஆச்சு." அவர் யாரிடமும் சொல்லாதது போல, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "மூணு நாளா எல்லாரும் அந்தப் பேப்பரைக் காட்டிக் காட்டிக் கேட்டாங்க. கம்ப்யூட்டர்காரங்களே சரின்னு சைன் பண்ணிருக்காங்களே, அப்ப நீ எப்படிப் போட்டிருப்பன்னு. நேத்து ராத்திரி எனக்கே சந்தேகம் வந்துருச்சு. என் கண்ணால பாத்தது கனவோன்னு. எழுதிட்டா மன்னிச்சு விட்ருவோம்னு சார் சொன்னாரு."

ரயில் நிற்காமல் வந்திருந்தால் அந்தக் கடிதம் எழுதப்பட்டிருக்காது. ஆனால் பல வாரம் முன்பே நான் அதை எழுத ஆரம்பித்திருந்தேன், இரண்டே எழுத்தில்.

"இனிமே அது செல்லாது மா, நாங்க பாத்துக்குறோம்" என்றார் மேனேஜர். "ஃபைல்ல இருக்கட்டும், இவங்க ரிப்போர்ட்டையும் சேத்து வெச்சுடுறேன்."

லெட்சுமி எழுந்து நின்றார். கையை நீட்டினார்.

"குடுங்க சார்."

"அதான் செல்லாதுன்னு..."

"இல்ல சார். என் லெட்டரைக் குடுங்க."

"புரொசீஜர்னு ஒண்ணு இருக்கு லெட்சுமி. ஃபைல்ல போனத எடுக்கக் கூடாது. உக்காருங்க."

"மாட்டேன் சார். குடுங்க."

குரலை உயர்த்தவில்லை. நீட்டிய கையை இறக்கவும் இல்லை. டாக்டர் ஏதோ சொல்ல வந்தார், மேனேஜர் ஏதோ விளக்கினார், நகல் எடுத்துக் கொடுக்கிறேன் என்றார். ஒவ்வொன்றுக்கும் "மாட்டேன் சார்" என்ற ஒரே பதில். அந்தக் கை மேசைமேல் அப்படியே நின்றது. கடைசியில் மேனேஜர் ஃபைலைத் திறந்தார். லெட்சுமி கடிதத்தை வாங்கி, அது தன் எழுத்துதானா என்று ஒருமுறை வாசித்துப் பார்த்து, நாலாக மடித்துச் சீருடைப் பையில் வைத்துக்கொண்டார்.

வராந்தாவில் அவர் பின்னால் போனேன். "மன்னிச்சிடு மா" என்றேன். என் மகள் வயசு இல்லை, தங்கை வயசு. காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன்.

அவர் நின்று என்னைப் பார்த்தார். கண்ணில் கோபம் இருந்தது. அது நியாயமாகவும் இருந்தது.

"இப்ப முடியாது அண்ணே" என்றார். "ஷிப்ட் மாறுற நேரம்." உள்ளே போய்விட்டார்.

அன்று மத்தியானம் ஆபீஸுக்கு வந்ததும் டெகில் என்ற பெயரை எடுத்துவிட்டேன். டிஸ்கை மட்டும் தனியாகச் சோதிக்கும் ஃபைல் ஒன்றை எழுதி எல்லாச் சோதனைக்கும் முன்னால் வைத்தேன். வரம்புக்கு மேல் ஒன்றைக் கொடுக்கும். டிஸ்க் வாங்கிக்கொண்டால் அங்கேயே எல்லாம் நின்றுவிடும். மறுத்தால்தான் மற்றவை ஓடும். கிரேஸ் மேடம் பென்சிலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு படித்தார். ஃபைல் பெயருக்கு வந்ததும் நிறுத்தினார். பேனாவை எடுத்தார்.

லெட்சுமி என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. திரும்பப் போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. முனியாண்டி அதற்குப் பிறகு வெகுகாலம் அந்த மையத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

பிரியாவுக்கு நேற்றுத்தான் பதில் அனுப்பினேன். "ஆன்டி இல்லை மா. மாற்ற வேண்டாம்."

உடனே திரும்பக் கேட்டார். "ஏன் அங்கிள், பேர்தானே?"

"மாட்டேன்" என்று எழுதி அனுப்பினேன்.